‘ம்’ என்பது பதில் ஆகாது

எங்கள் ஆஸ்பத்திரியில் எந்த வார்டுக்குப் போனாலும் நர்ஸ்கள் உட்காரும் மேஜைக்கு மேலே ஓர் அட்டை ஒட்டியிருக்கும். “‘ம்’ என்பது பதில் ஆகாது. கொடுத்தேன், கொடுக்கவில்லை, தெரியவில்லை: இந்த மூன்றில் ஒன்றைச் சொல்லவும்.” அதை ஒட்ட வைத்தவள் நான். பதினோரு வருடமாக ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. கிழிந்தால் புதிதாக அச்சடித்து அனுப்பிவிடுவேன். இதனால் புதிதாக வரும் நர்ஸ் பெண்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் ‘ம்மக்கா’. என் முகத்துக்கு நேரே வெறும் அக்காதான். நான் திரும்பியதும் முன்னால் அந்த ம் வந்து ஒட்டிக்கொள்ளும். எனக்குத் தெரியாது என்று நினைப்பு. ஆஸ்பத்திரியில் நடக்கிற ஒவ்வொரு தப்பும் என் மேஜைக்கு வந்து சேர்கிறது, என் பட்டப்பெயர் மட்டும் வராமல் போகுமா?

என் வேலை அப்படி. வார்டில் நடக்கக் கூடாத ஏதாவது நடந்துவிட்டால், மருந்து மாறிவிட்டால், நோயாளி கட்டிலிலிருந்து விழுந்துவிட்டால், அல்லது அப்படி நடக்கப் பார்த்து மயிரிழையில் தப்பினால், அங்கே இருந்த நர்ஸ் ஒரு நிகழ்வுப் படிவம் எழுதி எனக்கு அனுப்ப வேண்டும். கூடவே மாறுபாட்டுத் தாள் என்று ஒன்று உண்டு. முட்டி மாற்று ஆபரேஷன் என்றால் இரண்டாம் நாள் நடக்க வேண்டும், நான்காம் நாள் படி ஏற வேண்டும், ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போக வேண்டும் என்று திட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். மனித உடம்பு அதைப் படித்துப் பார்த்துவிட்டா நடக்கிறது? எந்த நாளில் பிசகியது, அதற்குக் காரணம் நோயாளியா, நர்ஸா, ஆஸ்பத்திரியா, வீடா என்று அந்தத் தாளில் எழுத வேண்டும். மாதக் கடைசியில் எல்லாவற்றையும் பிரித்து அடுக்கி, எந்தத் தப்பு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று மேட்ரனுக்கு எழுதிக் கொடுப்பேன்.

படிவத்துக்குச் சட்டம் ஒன்றுதான். பார்த்ததை எழுது, கேட்டதை எழுது, செய்ததை எழுது. நினைத்ததை எழுதாதே. யார் மேலும் பழி போடாதே, மன்னிப்பும் கேட்காதே. வகுப்பு எடுக்கும்போது இதைக் கண்டிப்பாகச் சொல்லுவேன். கண்டிப்பு எனக்கு நன்றாக வரும். நான் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் நிற்க எனக்கு என்ன யோக்கியதை என்று யாரும் கேட்டதில்லை.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் புதுக் கட்டிடத்தில் எலும்பு வார்டு. அதன் பொறுப்பு நர்ஸ் பஞ்சு. அது அவள் பெயர் இல்லை. பயிற்சிப் பள்ளியில் அவள் ஊசி போட்டால் போட்டதே தெரியாது, கை அவ்வளவு மெத்து. அதனால் நான் வைத்த பெயர், அப்படியே நிலைத்துவிட்டது. பதினெட்டு வயதில் எங்கள் இருவருக்கும் விடுதியில் ஒரே அறை கொடுத்தார்கள். அப்புறம் இரண்டு பேருக்கும் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை, ஒரே வார்டு. இருபத்திரண்டு வருடம் நகமும் சதையுமாக இருந்தோம். பிறகு பதினோரு வருடமாக ஒரு வார்த்தை பேசவில்லை. ஆறு நிமிடம் நடந்தால் அவள் வார்டு வந்துவிடும். வார்டுகளைச் சுற்றிப் பார்க்க வேண்டியது என் வேலை, ஆனால் எலும்பு வார்டுக்கு மட்டும் எப்போதும் என் உதவியாளரைத்தான் அனுப்புவேன். கால் வலி என்று ஒரு காரணம் வைத்திருந்தேன்.

ஆனால் அவள் எழுதுகிற படிவங்கள் என்னிடம்தான் வரும். அந்த வார்டிலிருந்து மற்ற வார்டுகளைப் போல இரண்டு மடங்கு வரும். அந்த வார்டு அவ்வளவு மோசமா என்று ஒருமுறை மேட்ரன் கேட்டார். மோசமில்லை, அங்கே எதையும் மூடி மறைப்பதில்லை, படிவமே வராத வார்டுகளை நினைத்துத்தான் எனக்குக் கவலை என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். எழுதியதெல்லாம் உண்மைதான். ஆனால் அவ்வளவு சூடாக எழுதியிருக்க வேண்டியதில்லை.

நான் அந்தப் படிவங்களுக்காகக் காத்திருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், திங்கட்கிழமை தபால் கட்டு வந்தால் முதலில் எலும்பு வார்டைத்தான் தேடுவேன். “மருந்துச் சீட்டில் அரை மாத்திரை என்பதை ஒன்று என்று படித்தேன். கொடுக்குமுன் மறுபடி பார்த்ததால் தப்பியது. காரணம், கண்ணாடியை வீட்டில் விட்டு வந்தேன்.” அவளுக்குக் கண்ணாடி வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது இப்படித்தான். ஈரத் தரையில் வழுக்கி வலது முட்டியில் அடி என்று இன்னொன்று. அதற்கப்புறம் ஆறு மாதம் அவள் எப்படி நடக்கிறாள் என்று தெரியாமல் தவித்தேன். மாறுபாட்டுத் தாள்களில் அவள் பேச்சே கேட்கும். “ஐந்தாம் நாள் போக வேண்டியவர் ஏழாம் நாள் போனார். காரணம், வீடு. மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. மகனும் மருமகளும் யார் லீவு போடுவது என்று இரண்டு நாள் சண்டை போட்டார்கள். மருமகள் ஜெயித்தாள்.” அதைப் படித்துவிட்டு அறையில் தனியாகச் சிரித்தேன். அடுத்த நொடியே இந்தச் சிரிப்பை அவள் பார்க்கவில்லையே என்று இருந்தது.

நான்கு வருடத்துக்கு முன் வந்த ஒரு தாள் மட்டும் இன்னும் மனப்பாடம். “ஏழாம் கட்டில் ஐந்தாம் நாள் போகவில்லை, எட்டாம் நாள் போனார். காரணம், ஆஸ்பத்திரி. வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சியைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு நர்ஸ் விடுப்பில் இருந்தார். கணவர் இறந்துவிட்டார்.” அவள் தன்னைப் பற்றியே எழுதியிருந்தாள். ஆஸ்பத்திரி முழுக்க அதற்குள் துக்கம் விசாரித்து முடித்திருக்கும். எங்கள் சங்கதி தெரிந்தவர்கள் என் முன்னால் அவள் பேச்சை எடுப்பதில்லை, அதனால் எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் அந்தத் தாளில் காரண எண் மூன்று என்று குறித்து, முத்திரை போட்டு, கோப்பில் வைத்தேன். அதன்பின்னாவது போயிருக்கலாம். போகவில்லை.

இந்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அலுவலக குமாஸ்தா ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். எலும்பு வார்டு சிஸ்டர் வேலையை விட்டுவிட்டு வெளிநாட்டிலிருக்கிற மகளிடம் போகிறாராம். அங்கே முதியோர் இல்லம் ஒன்றில் வேலை கிடைக்கும் போலிருக்கிறது, பணிச் சான்றுக் கடிதம் கேட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை கடைசி நாள். பழைய நிகழ்வுப் பதிவு என் பொறுப்பில் இருப்பதால் கடிதத்தில் ஒரு வரியை மட்டும் நான் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது, வேலைக்கு வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. அந்த வரி இது: “பணிக்காலத்தில் ஒருமுறை, யாரையும் கேட்காமல் நோயாளிக்கு மருந்து கொடுத்ததற்காக இடமாற்றம் செய்யப்பட்டார்.”

இந்த வரியோடு போனால் எந்த ஊரிலும் அவளை மருந்து அலமாரிப் பக்கம் விடமாட்டார்கள். அந்த வரி பொய் என்று உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும்.

பதினோரு வருடத்துக்கு முன் நாங்கள் பொது மருத்துவ வார்டில் இருந்தோம். நாற்பது கட்டில், அன்றைக்கு இரண்டே நர்ஸ். மதியம் சாப்பாட்டுக்கு முன் பதினாலாம் கட்டிலுக்கு இன்சுலின் போட வேண்டும். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், பசி தாங்க மாட்டார். பன்னிரண்டு பத்துக்கு அவருக்கு நான் பன்னிரண்டு யூனிட் போட்டேன். சீட்டில் கையெழுத்துப் போடுவதற்குள் பத்தொன்பதாம் கட்டில்காரர் வாந்தி எடுக்க ஆரம்பித்தார், ஓடினேன். அவர் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அந்தக் கோடியிலிருந்து பஞ்சு கேட்டாள்: “ஏய், பதினாலுக்கு இன்சுலின் நான் போட்டுடட்டுமா?”

நான் “ம்” என்றேன்.

இங்கே எங்களுடைய ம்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருடம் ஒன்றாக இருந்தவர்களுக்கு முழு வார்த்தை எதற்கு? வெட்டின மாதிரி ஒரு ம் போட்டால் சரி என்று அர்த்தம். ஏறுகிற ம் என்றால் என்ன சொன்னாய். இழுத்த ம் என்றால், காதில் விழுந்தது, கொஞ்சம் இரு, வந்து சொல்கிறேன். நான் போட்டது இழுத்த ம். நான் போட்டாச்சு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன், பத்தொன்பதாம் கட்டில்காரர் என் சீருடையில் இன்னொரு முறை வாந்தி எடுத்துவிட்டார்.

அவள் இன்னொரு பன்னிரண்டு யூனிட் போட்டுவிட்டாள். ஒரு மணி நேரத்தில் டிரைவருக்கு வேர்த்துக் கொட்டியது, பேச்சு குழறியது. சர்க்கரை முப்பத்தெட்டுக்கு இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றினோம். நாற்பது நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்து, என் தட்டை எவன் எடுத்தான் என்று கேட்டார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனது எங்களுக்குத்தான்.

அப்போதிருந்த மேட்ரன் கண்ணில் விரல் விட்டு ஆட்டுகிறவர். எங்களைத் தனித்தனி அறையில் உட்கார வைத்து எழுதச் சொன்னார். பஞ்சு எழுதினாள்: “போடட்டுமா என்று கேட்டேன். அவர் ம் என்றார். போட்டேன்.” நான் எழுதினேன்: “என்னிடம் யாரும் எதுவும் கேட்டதாக நினைவில்லை. நான் எந்தப் பதிலும் சொல்லவில்லை.” பயம்தான். போட்ட உடனே கையெழுத்துப் போடாததே பெரிய தப்பு. அதோடு ம் என்றும் சொல்லியிருந்தால் முழுப் பழியும் என் தலையில் விழும், வேலை போய்விடும் என்று நினைத்தேன். ம் என்பது ஒரு பேச்சா, அதற்குப் பெயர் பதிலா என்று எனக்கு நானே வக்காலத்து வாங்கிக்கொண்டேன். மேட்ரன் என் அறிக்கையை நம்பினார். அவளை ரோட்டைத் தாண்டி அனுப்பினார்கள். என் கையெழுத்து தெளிவாக, வாக்கியங்கள் நேராக இருக்கிறதென்று என்னைப் படிவங்களைப் படிக்கிற தரப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அந்த வருடமே அட்டையை அச்சடித்து எல்லா வார்டிலும் ஒட்டினேன். என் வாயால் சொல்ல முடியாததைச் சுவரில் எழுதி வைத்தேன், வேறொன்றுமில்லை.

குமாஸ்தா போனபிறகு பேனாவைத் திறந்தேன். கையெழுத்துப் போட்டால் அவள் வெள்ளிக்கிழமை போய்விடுவாள். திங்கட்கிழமைத் தபால் கட்டுக்குள் அவள் எழுத்து இருக்காது. மேல்விலாசம் கூட எனக்குத் தெரியாத ஓர் ஊரில், என் பொய்யைக் கையில் பிடித்துக்கொண்டு வாசல் வாசலாக ஏறி இறங்குவாள். பதினோரு வருடமாக அவளை நினைத்து ஏங்கியதெல்லாம், இந்தக் கையெழுத்தைப் போட்டால், சும்மா நாடகம் என்று ஆகிவிடும்.

புதுப் படிவம் ஒன்றை எடுத்தேன். நிகழ்ந்த தேதி, நேரம், இடம் எழுதினேன். நிகழ்வுக்கும் அறிக்கைக்கும் இடையே எவ்வளவு தாமதம் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் யாராவது ஒரு நாள் என்று எழுதியிருந்தாலே கூப்பிட்டுத் திட்டுவேன். பதினோரு வருடம் என்று எழுதினேன். கேட்டாள். ம் என்றேன். இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். மூன்று வரிதான், சட்டப்படி மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

படிவத்தில் பெயர் வருகிறவர் அதைப் படித்துக் கையெழுத்திட வேண்டும். கொண்டுபோய்க் கொடுக்க ஆள் இருந்தார். நானே எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தேன்.

எலும்பு வார்டின் கோடியில், நோயாளிகள் ஏறிப் பழகுவதற்காகப் போட்டிருந்த மூன்று மரப்படிகளில் பஞ்சு ஓர் அம்மாவை ஏற்றிக்கொண்டிருந்தாள். நல்ல கால் முதலில், நல்ல கால் முதலில் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. கழுத்தில் கயிறு போட்டுக் கண்ணாடி தொங்கியது. வலது காலை லேசாகச் சாய்த்து நின்றாள், அந்த முட்டி சரியாகவே இல்லை போலிருக்கிறது. என்னைப் பார்த்தாள். அந்த அம்மாவை இறக்கி நாற்காலியில் உட்கார வைத்து, காலுக்குத் தலையணை வைத்துவிட்டுத்தான் வந்தாள். “வா” என்று மட்டும் சொல்லி, துணி அடுக்கும் அறைக்குக் கூட்டிப் போனாள்.

நான் படிவத்தை நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாகப் படித்தாள். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள். திட்டுவாள், அழுவாள், படிவத்தைக் கிழித்து மூஞ்சியில் எறிவாள் என்று எதற்கெல்லாமோ தயாராக நின்றேன்.

“இதுல பாதிதான் இருக்கு” என்றாள்.

எனக்குப் புரியவில்லை. எதை விட்டேன் என்று கேட்டேன்.

“உன்னோட ம் எனக்குத் தெரியாதாடி? அது ‘இரு, வரேன்’ ம். கேட்ட உடனே தெரியும். சாப்பாட்டு வண்டி வந்துடுச்சு, அந்த மனுஷன் தட்டைத் தட்டிட்டே இருந்தாரு. உன்கிட்ட வந்து கேக்கணும்னா பத்தடி நடக்கணும். நடக்கல. சரின்னு சொன்ன மாதிரி எடுத்துக்கிட்டுப் போட்டுட்டேன்.”

அவள் படிவத்தை மடிக்காமல், விரலால் ஓரத்தை நீவிக்கொண்டே சொன்னாள்: “கேட்டேன், நீ ம்னு சொன்னே, போட்டேன். நான் எழுதினதுல ஒரு எழுத்துகூடப் பொய் இல்ல. தெரிஞ்சே போட்டேன்கிறத மட்டும் விட்டுட்டேன். நீ இல்லைன்னு எழுதினே, நான் பாதியை எழுதினேன். ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான்.”

அப்படியென்றால் இத்தனை வருடம் என் மேல் கோபமில்லையா என்று கேட்டேன். முதல் இரண்டு வருடம் வாயில் வராத வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினாளாம். அப்புறம் யோசிக்க யோசிக்கத் தன் பங்கு கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்ததாம். அதற்குள் நான் தரப் பிரிவில் பெரிய ஆளாகிவிட்டேன், சுவரெல்லாம் அட்டை ஒட்டிவிட்டேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, தன்னைத்தான் குத்திக்காட்டுகிறேன் என்று நினைத்தாளாம். நான் என்னைக் குத்திக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை.

அவள் கணவர் இறந்ததைத் தாளில்தான் படித்தேன், வர வேண்டும் என்று இருந்தது, வெட்கமாக இருந்தது என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

“மூணு நாள் வாசலையே பார்த்துட்டு இருந்தேன்” என்றாள். “யார் வந்தாலும் நீயான்னு பார்த்தேன்.”

துவைத்து அடுக்கிய படுக்கை விரிப்புகளின் மேல் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். அவள் என் முதுகில் கையை வைத்தாள். அந்தக் கை அப்படியே இருந்தது.

அவள் என் பேனாவை எடுத்து, நான் எழுதியதற்குக் கீழே எழுத ஆரம்பித்தாள். தடுத்தேன். கடிதம் சுத்தமாகப் போனால்தான் வேலை கிடைக்கும், உன் பங்கை எழுதாதே, என்னுடையது போதும் என்று கெஞ்சினேன். ஊருக்கெல்லாம் வகுப்பு எடுக்கிற வாய் பேசுகிற பேச்சைப் பார் என்று சொல்லிவிட்டு எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டாள்.

மாலையே இரண்டு பேரும் மேட்ரன் அறைக்குப் போனோம். இப்போதைய மேட்ரன் எங்களைவிட எட்டு வயது சின்னவர், ஆனால் எதையும் இரண்டு முறை படிக்காமல் பேச மாட்டார். இரண்டு முறை படித்தார். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே புத்தி தடுமாறிவிட்டீர்களா என்று கேட்டார். பிறகு பழைய கோப்பை வாங்கி வைத்துக்கொண்டு வியாழக்கிழமை வரச் சொன்னார். என் வேலை போனால் போகட்டும் என்று இருந்தது. அவள் உண்மை எழுதியதாலேயே கடிதம் கெட்டுப்போனால் என்ன செய்வது என்பதுதான் கவலை.

வியாழக்கிழமை மேட்ரன் சொன்னது சுருக்கம். நாற்பது கட்டிலுக்கு இரண்டு நர்ஸை விட்டது ஆஸ்பத்திரியின் தப்பு, அது அன்றைக்கே எழுதப்பட்டிருக்க வேண்டும். மீதி, இருவர் ஒரு வார்த்தையைச் சரியாகச் சொல்லாமலும் சரியாகக் கேட்காமலும் இருந்தது. யாரையும் கேட்காமல் என்பது பொய், அந்த வரியை எடுத்தாகிவிட்டது. கடிதத்தைப் பஞ்சுவிடம் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். தன் அறிக்கையைத் தானே பொய்யாக எழுதியவள் மற்றவர்கள் அறிக்கையைப் படிக்கும் இடத்தில் உட்கார முடியாது என்றார். நியாயம்தான். தரப் பிரிவை நாளையிலிருந்து வேறொருவர் பார்ப்பார். “எலும்பு வார்டுக்கு நாளைக்கு மதியத்துலேருந்து ஆள் இல்ல. நீங்க போங்க. இவங்ககிட்டயே பொறுப்பு வாங்கிக்குங்க” என்றார்.

வெள்ளிக்கிழமை மதியம் பதினோரு வருடத்துக்குப் பிறகு சீருடை போட்டுக்கொண்டு போனேன். இடுப்பில் கொஞ்சம் பிடித்தது. பஞ்சு வார்டு நோட்டோடு முதல் கட்டிலருகே நின்றுகொண்டிருந்தாள். முப்பத்திரண்டு கட்டில். ஒரு பொறுப்பு நர்ஸ் இன்னொருவருக்குக் கட்டில் கட்டிலாகச் சொல்லி ஒப்படைக்க அரை மணி நேரம் போதும், கெட்டிக்காரி என்றால் இருபது நிமிடம். ஆபரேஷன் என்றைக்கு ஆனது, காயம் எப்படி, என்ன மருந்து, எத்தனையாவது நாள், திட்டத்திலிருந்து எங்கே விலகியிருக்கிறது, அவ்வளவுதான் சொல்ல வேண்டும்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மூன்றாம் கட்டில் அய்யாவுக்கு வலது காது கேட்காது, இடப்பக்கம் நின்று பேச வேண்டும். எட்டாம் கட்டில் அம்மா மாத்திரையை விழுங்காமல் கன்னத்தில் அடக்கிவைப்பாள், வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். பதினொன்றாம் கட்டில் கணவனும் மனைவியும் பேசிக்கொள்வதில்லை, இருவருக்கும் தனித்தனியாகப் பயிற்சி சொல்லிக்கொடுக்க வேண்டும். நடுநடுவே தன் வீட்டுச் சேதி சொல்வதற்காகவே நிறுத்தினாள். மகளுக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது, கணவருக்குக் கடைசி வாரம் எப்படி இருந்தது, முட்டிக்கு இரண்டு ஊசி போட்டும் கேட்கவில்லை என்பதெல்லாம் கட்டில்களுக்கு நடுவே வந்தது. நான் பதினேழாம் கட்டிலருகே என் மாமியார் இறந்ததைச் சொன்னேன். இருபத்தி இரண்டில் நிற்கும்போது மணி மூன்றைத் தாண்டிவிட்டது, அவள் டூட்டி இரண்டு மணியோடு முடிந்திருந்தது. நோயாளிகள் எங்களை வேடிக்கை பார்த்தார்கள். நான் கட்டில்களை எண்ணிக்கொண்டே போனேன். இன்னும் ஒன்பது, இன்னும் ஐந்து, இன்னும் இரண்டு.

முப்பத்திரண்டாம் கட்டில் காலியாக இருந்தது. புது விரிப்பு விரித்து ஓரம் மடித்து வைத்திருந்தார்கள்.

“இது காலி” என்றாள். நோட்டை மூடி என்னிடம் நீட்டினாள். அவளுடைய பஸ் நான்கு மணிக்கு, மறுநாள் விமானம். நோட்டை வாங்கிக்கொண்டால் ஒப்படைத்து முடிந்துவிட்டது என்று அர்த்தம். வாங்காமல் நின்றேன்.

“காலின்னா எப்படி?” என்றேன். “யார் இருந்தாங்க, எப்பப் போனாங்க, எல்லாம் சொல்லு.”

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, போன மாதம் அங்கே படுத்திருந்தவரிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.